யூனிட் 9 டாலர்: மாமனாரோடு போட்ட சண்டைக்கு நான் கட்டிய பில்

2021 பிப்ரவரி 15, திங்கள்கிழமை. விடிகாலை இரண்டு மணி சுமாருக்கு, அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், ஹூஸ்டன் புறநகரில் என் வீட்டில் கரண்ட் போனது. மதுரையில் அப்போது மத்தியானம் ஒன்றரை. மாமா சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்கிற நேரம். ஃபோனைக் கையில் எடுத்தேன், திரும்ப வைத்துவிட்டேன். வெளியே உறைபனிப் புயல். ஆனால் அந்த நிமிடத்தில் குளிரைவிடப் பெரிய சங்கடம், இதை அவரிடம் சொல்லியாக வேண்டுமே என்பதுதான். மனைவி வளைகாப்புக்காக ஜனவரியிலேயே ஊருக்குப் போய்விட்டாள், பிரசவம் முடிந்துதான் வருவாள். வீட்டில் நான் ஒருத்தன். அடுத்த சில நாளில் என் கையைவிட்டுப் போன பணத்தை மட்டும் சொன்னால் கதை விளங்காது. அதற்கு முன்னால் பல மாதமாக மாமாவிடம் நான் அளந்த சந்தைப் பொருளாதார வியாக்கியானத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மாமா மின்வாரியத்தில் 34 வருடம் இருந்து உதவி செயற்பொறியாளராக ஓய்வு பெற்றவர். எனக்கோ மின்வாரியம் என்றாலே 2012தான். மதுரையில் கல்லூரி இறுதியாண்டு. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்ட் இருக்காது. இன்வெர்ட்டர் சார்ஜ் ஏறி முடிப்பதற்குள் அடுத்த கட் வந்துவிடும். எங்கள் தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர் மெஷினை விற்றுவிட்டு ஷேர் ஆட்டோ ஓட்டப் போனார். அரசாங்கத்தின் கையில் எதைக் கொடுத்தாலும் இப்படித்தான் என்று அன்றைக்கு ஒரு முடிவு கட்டி, அதையும் பெட்டியில் மடித்து வைத்துக்கொண்டு அமெரிக்கா வந்தவன் நான். அந்த முடிவுக்கு டெக்சஸைவிடத் தோதான ஊர் கிடையாது. 1999இல் ஆளுநராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்துப் போட்ட சட்டத்தால், 2002 ஜனவரி முதல் மாநிலத்தின் பெரும்பகுதியில் யாரிடம் கரண்ட் வாங்குவது என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். நூற்றுக்கும் மேற்பட்ட கம்பெனிகள். பிடிக்கவில்லையா, பத்து நிமிடத்தில் மாறிக்கொள்ளலாம். இதை மாமாவிடம் பெருமையாகச் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி: "எல்லா கம்பெனிக்கும் தனித்தனியா கம்பி இழுத்திருக்காங்களா மாப்பிள்ளை?" இல்லை என்றேன். ஒரு பகுதிக்கு ஒரே கம்பிக் கம்பெனிதான், அது ஒழுங்குமுறைக்கு உட்பட்ட ஏகபோகம். மற்றவர்கள் மொத்த விலைக்கு வாங்கிச் சில்லறைக்கு விற்பவர்கள். "அப்ப அதே கம்பம், அதே கம்பி, அதே கரண்டு. பில்லு அடிக்கிறதுக்கு மட்டும் நூறு பேரு." சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது.

அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லத்தான் 2020 மே மாதம் அந்தத் திட்டத்தில் சேர்ந்தேன் என்று இப்போது ஒப்புக்கொள்கிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். மாதம் ஒரு சிறு சந்தாவைக் கட்டினால் போதும், மொத்தச் சந்தையில் அந்தந்த நேரத்து விலை என்னவோ அதே விலைக்கு நமக்கும் கரண்ட். கொரோனாவால் தேவை குறைந்திருந்த வருடம் அது. மொத்த விலை பெரும்பாலான நேரம் யூனிட்டுக்கு 2, 3 சென்டில் கிடந்தது. கம்பிக் கட்டணமெல்லாம் சேர்த்தும், வழக்கமான திட்டத்தில் மாதம் 130 டாலர் கட்டியவன் 100 டாலருக்குள் கட்டினேன். ஒன்பது மாதத்தில் மிச்சம் 310 டாலர். எக்செல்லில் போட்டு மாமாவுக்கு அனுப்பினேன். படித்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "விலை ஏறுனா யார் தலையில ஏறும்?" "ஏறினா நான் கொஞ்சம் குறைச்சுப்பேன் மாமா. அதுக்குத்தான் விலைங்கிறதே. அது ஒரு தகவல்" என்றேன். எங்கோ படித்த வரி. சொல்லும்போது எவ்வளவு கம்பீரமாக இருந்தது தெரியுமா.

டெக்சஸில் இருப்பவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு திட்டத்தோடும் மின்சார விவரச் சீட்டு என்று ஒன்றிரண்டு பக்கத்தில் ஒரு தாள் கட்டாயம் இருக்கும். விளம்பரத்தை மூடிவிட்டு அதைப் படியுங்கள். திட்டம் நிலையான விலையா, மாறும் விலையா, ஏதாவது குறியீட்டோடு கட்டிப்போட்ட விலையா என்று அதில் இருக்கும். உச்சபட்ச விலை ஒன்று எங்காவது எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் உங்களுக்கு உச்சமே இல்லை என்று அர்த்தம். 500, 1,000, 2,000 யூனிட்டுக்கு என்று மூன்று சராசரி விலை போட்டிருப்பார்கள். 1,000 யூனிட்டைத் தொட்டால்தான் தள்ளுபடி என்று ஒரு பொறி வைத்து, அந்த ஒரு இடத்தில் மட்டும் விலையை மலிவாகக் காட்டுவது இங்கே பழைய வித்தை. 980 யூனிட் ஓட்டிய மாதம் பில் எகிறும். உங்கள் வீட்டின் பன்னிரண்டு மாத யூனிட்டை எடுத்துவைத்து ஒவ்வொரு மாதத்துக்கும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சாயங்காலம் போகும், அவ்வளவுதான். நான் அந்தத் தாளைச் சேர்ந்த அன்று தரவிறக்கினேன். திறந்தது ஒன்பது மாதம் கழித்து, இருட்டில், ஃபோன் வெளிச்சத்தில்.

புயலுக்கு முந்தின சனி, ஞாயிறில் கம்பெனியிடமிருந்தே மின்னஞ்சல் வந்தது: முடிந்தால் உடனே வேறு கம்பெனிக்கு மாறிவிடுங்கள். கடைக்காரரே கடையைவிட்டு ஓடச் சொல்கிறார் என்றால் எவ்வளவு தீவிரம் என்று உறைத்திருக்க வேண்டும். ஞாயிறு சாயங்காலம்தான் பார்த்தேன். நாலு கம்பெனியைக் கூப்பிட்டேன். ஒன்று புது வாடிக்கையாளர்களைச் சேர்ப்பதையே நிறுத்தியிருந்தது. இன்னொன்று வியாழக்கிழமைதான் மாற்ற முடியும் என்றது. மற்ற இரண்டில் பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் திங்கள் அதிபர் தின விடுமுறை வேறு. "பிடிக்கலைன்னா மாறிக்கலாம்" என்று நான் மார்தட்டிய சுதந்திரம், அது தேவைப்பட்ட அந்த ஒரு வாரத்தில் மட்டும் இல்லை. எல்லோரும் ஒரே கதவை நோக்கி ஓடும்போது கதவு அடைத்துக்கொள்ளும் என்பது வங்கிக்குத் தெரியும், தியேட்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியவில்லை.

செயலியில் விலை ஏறுவதை உட்கார்ந்து பார்த்தேன். யூனிட் 1 டாலர், 3 டாலர். கடைசியில் 9 டாலரில் போய் நின்றது. சந்தையின் சட்டப்படியான உச்சவரம்பு அது, மெகாவாட் மணிக்கு 9,000 டாலர். என் வீட்டில் கேஸ் கிடையாது, அடுப்பு, வெந்நீர், கணப்பு எல்லாம் கரண்டில். கடுங்குளிரில் ஓடும் கணப்பின் மின்சுருள் மட்டும் 10 கிலோவாட். ஒரு மணி நேரத்துக்கு 10 யூனிட், 90 டாலர். இந்த ஒரு பெருக்கலைப் போட்டு முடித்தபோது அடிவயிறு கலங்கியது.

அப்புறம்தான் கரண்ட் போனது. முறை வைத்துச் சுழற்சியாக நிறுத்துவோம் என்றார்கள். சுழலவே இல்லை. மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் இருக்கும் ஃபீடர் என்ற கிளை மின்பாதைகளையெல்லாம் விட்டுவிட்டால் வெட்டுவதற்கு மிச்சம் இருப்பது எங்களைப் போன்ற தெருக்கள்தான். அதையெல்லாம் வெட்டியும் போதவில்லை என்றால் எதை எடுத்து எங்கே சுழற்றுவது? எனக்குப் பதினேழு மணி நேரம் கழித்து வந்தது. இரண்டு மணி நேரம் இருந்தது, போனது. செவ்வாய்க்கிழமை காலை ஹூஸ்டன் விமான நிலையத்தில் வெப்பம் மைனஸ் 10க்கும் கீழே. ஜூன் வெயிலுக்குக் கட்டிய வீடுகள் இவை. உள்ளே நின்று பேசினால் வாயிலிருந்து புகை வந்தது. கரண்ட் வந்த நேரத்தில் நான் என்ன செய்தேன் என்பதுதான் இன்றுவரை மனைவியிடம்கூடச் சரியாகச் சொல்லாதது. கணப்பை அணைத்தேன். பதினேழு மணி நேரம் நடுங்கியவன், அது ஓடத் தொடங்கிய சத்தம் கேட்டதும் எழுந்து போய் அணைத்துவிட்டு, மூன்று ஸ்வெட்டரும் இரண்டு கம்பளியுமாக அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். பத்து நிமிடம் போடுவது, அணைப்பது. 15 டாலர், 15 டாலர் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டு. விலை ஏறினால் நான் குறைத்துப்பேன் என்று மாமாவிடம் சொன்னேனே, அப்படியே செய்தேன். பாடப்புத்தகம் சரிதான். குறைப்பவனுக்குப் பல் கிட்டித்துக்கொள்ளும் என்பது மட்டும் அதில் எழுதியிருக்கவில்லை.

ஃபோன் சார்ஜுக்காகக் காரில் உட்கார்ந்தேன். தயவுசெய்து இதைக் கவனியுங்கள்: காரை வெளியே எடுத்து, திறந்த வெளியில் நிறுத்திவிட்டு இன்ஜினை ஓடவிடுங்கள். அந்த வாரம் ஹூஸ்டனிலேயே கராஜுக்குள் காரை ஓடவிட்டு, கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் பரவி இறந்தவர்கள் உண்டு. கதவைப் பாதி திறந்து வைத்தால் போதும் என்பது பொய். கரி அடுப்பை உள்ளே கொண்டுவருவதும் அதேதான். பாட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று இருபது, முப்பது டாலருக்குள் கிடைக்கும், வாங்கி மாட்டுங்கள். பாட்டரி இல்லாமல் சுவரில் செருகுகிற வகை கரண்ட் போன வீட்டில் வெறும் பிளாஸ்டிக்.

காரில் உட்கார்ந்துதான் வங்கிச் செய்தியைப் பார்த்தேன். கம்பெனிக் கணக்கில் என் இருப்பு குறையக் குறையத் தானாகவே டெபிட் கார்டிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. 50, 100, 150, 300 என்று மணிக்கொரு தரம் போய்க்கொண்டிருந்தது. செவ்வாய் மத்தியானம் கார்டை முடக்கியபோது 1,940 டாலர் போயிருந்தது. தானியங்கிக் கட்டணத்தை மாறும் விலைக்கு வைக்கவே கூடாது. வைத்தே ஆக வேண்டும் என்றால் கிரெடிட் கார்டில் வையுங்கள், சண்டை போட அவகாசம் கிடைக்கும். டெபிட் கார்டில் பணம் போன பிறகுதான் சண்டையே தொடங்குகிறது.

அன்றைக்குத்தான் மாமாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், 9 டாலர் உட்பட. சொல்லிக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கேட்டது ஃப்ரீக்வென்சியை, அதாவது கரண்டின் அதிர்வெண்ணை; தேவைக்கு உற்பத்தி எட்டாதபோது அது இறங்கும். நான் செய்தியில் படித்ததைச் சொன்னேன். இங்கே 60 ஹெர்ட்ஸில் ஓட வேண்டியது, அந்தத் திங்கள் விடிகாலை 59.3 வரை இறங்கியது. 59.4க்குக் கீழே 9 நிமிடம் நின்றால் மின்நிலையங்கள் தாமாகவே கழன்றுகொள்ளத் தொடங்கும். நின்றது 4 நிமிடம் 23 வினாடி. மீதி 4 நிமிடம் 37 வினாடியும் போயிருந்தால் மாநிலத்தின் பெரும்பகுதி மொத்தமாக இருண்டு, திரும்ப எழுப்ப வாரக்கணக்கில் ஆகியிருக்கும். (இந்த நிமிடக் கணக்கெல்லாம் முழுதாக வெளிவந்தது கொஞ்ச நாள் கழித்து. அன்று எனக்குத் தெரிந்தது பாதி.) மறுமுனையில் மாமா சற்று நேரம் பேசவில்லை. "அந்த ஷிஃப்ட்ல உக்காந்திருந்தவன் வயித்துல என்ன ஓடியிருக்கும்" என்றார். அப்புறம்தான், "பக்கத்து மாநிலத்துல இருந்து இழுக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார்.

இழுக்க முடியாது. டெக்சஸின் பெரும்பகுதிக்குத் தனி மின்தொகுப்பு, எர்காட் என்ற அமைப்பு அதை நடத்துகிறது. 1935இல் வந்த சட்டப்படி மாநில எல்லையைத் தாண்டி மின்சாரம் வியாபாரம் ஆனால் மத்திய அரசின் ஒழுங்குமுறைக்குள் வர வேண்டும். அதைத் தவிர்க்கவே எல்லையோடு கம்பியை நிறுத்திக்கொண்டார்கள். வெளியே இருந்து வரும் டி.சி. (நேர்மின்) இணைப்புகள் மொத்தமே சுமார் 1,200 மெகாவாட். ஞாயிறு இரவுத் தேவையோ 69,000 மெகாவாட்டைத் தாண்டியிருந்தது. வெட்டியது உச்சத்தில் 20,000 மெகாவாட். இந்தத் தனித்திருத்தலைத்தான் சுதந்திரம் என்று இங்கே எல்லோரும், நானும், மார்தட்டிக்கொண்டிருந்தோம். மாமா சொன்னார்: "நாமளும் அப்படித்தான் இருந்தோம். 2012 ஜூலைல ரெண்டு நாள் வட இந்தியாவே இருண்டுச்சே, தெக்க ஒண்ணும் ஆகல. ஏன்னா தென்னக கிரிட் தனி. எல்லாரும் கை தட்டுனாங்க. ஆனா அதே வருசம் நீங்க மெழுகுவத்தி வெச்சுப் படிச்சீங்களே, வடக்க கரண்டு மிச்சம் இருந்த நேரத்துலகூட வேணுங்கிற அளவுக்கு இங்க கொண்டுவர லைன் இல்ல. 2013 டிசம்பர் 31ஆம் தேதிதான் ராய்ச்சூர்–சோலாப்பூர் லைன்ல சேத்தாங்க." என் 2012க்குக் காரணம் அரசாங்கச் சோம்பேறித்தனம் மட்டுமே என்று எட்டு வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். இதை அவர் முன்பும் சொல்லியிருப்பார். நான் பதில் சொல்லும் அவசரத்தில் கேட்டிருக்க மாட்டேன்.

"தண்ணி டேங்குல ஐஸ் கட்டிருச்சா? பைப்புல தண்ணி நிக்குதா?" என்றும் கேட்டார். வாழ்நாளில் பனியையே பார்க்காத மனிதர். நான் குழாயைச் சொட்டவிட்டிருந்தேன், அது போதும் என்று நினைத்தேன். புதன்கிழமை வெயில் எட்டிப் பார்த்ததும் பரணுக்குள் போகும் குழாய் வெடித்தது. உறையும்போது வெடித்ததே தெரியாது, உருகும்போதுதான் கொட்டும். கொட்டியது பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று மஞ்சள் பெயின்ட் அடித்து வைத்திருந்த அறையில். கூரைப் பலகை ஊறித் தொப்பென்று தொட்டிலின் அட்டைப்பெட்டி மேல் விழுந்தது. தெருவோரம் புல்லுக்குள் புதைந்திருக்கும் மீட்டர் பெட்டியில்தான் தண்ணீரை மூடும் வால்வு இருக்கிறது என்பதும், அதைத் திருப்ப ஒரு நீளச் சாவி வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. எதிர்வீட்டு மெக்சிகோக்காரர் சாவியோடு ஓடிவந்து மூடுவதற்குள் இருபது நிமிடம். இதைப் படிக்கிறவர்கள் இன்றைக்கே எழுந்துபோய் அந்த வால்வைத் தேடி, ஒருமுறை திருப்பிப் பாருங்கள். வெளியூர் போனாலோ, நீண்ட நேரம் கரண்ட் வராது என்று தெரிந்தாலோ, மூடிவிட்டு எல்லாக் குழாயையும் திறந்து வடித்துவிடுங்கள். அதே நாளில் ஹூஸ்டன் மாநகரம் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னது. எதில் காய்ச்ச?

வியாழக்கிழமையோடு கரண்ட் நிலைத்தது, வெள்ளிக்கிழமை காலை விலை இறங்கியது. அதற்குப் பிறகுதான் உண்மையில் என்ன நடந்தது என்று பொறுமையாக உட்கார்ந்து படித்தேன். கோபம் ஒரு நல்ல வாத்தியார். என் தரப்பு, மாமா தரப்பு இரண்டிலும் ஓட்டை இருந்தது.

என் பக்கத்துக் கட்டுக்கதை முதலில். அந்த 9 டாலரை நான் சந்தை விலை என்று நம்பினேன். தேவை கூடியது, வரத்து குறைந்தது, விலை ஏறியது, இயற்கை நியாயம். ஆனால் திங்கட்கிழமை கணினி கணக்கிட்ட விலை சில நேரம் மெகாவாட் மணிக்கு 1,200 டாலர் அளவுக்கு இறங்கியிருந்தது. மின்வெட்டு இருக்கும்போது விலை உச்சத்தில்தான் இருக்க வேண்டும் என்று மாநிலத்தின் ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவு போட்டு அதை 9,000இல் நிறுத்தியது. வெட்டு முடிந்த பிறகும் கிட்டத்தட்ட 32 மணி நேரம் விலை அங்கேயே நின்றது. அந்தக் கூடுதல் நேரத்தால் மட்டும் 1,600 கோடி டாலர் அதிகமாக விதிக்கப்பட்டது என்று சந்தையைக் கண்காணிக்கும் சுதந்திரமான அமைப்பே எழுதியது. ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இருந்தது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் தீர்ப்பளித்தது வேறு கதை. தாராளச் சந்தையின் மிகப் பெரிய விலை ஒரு அரசு உத்தரவு! இதை மாமாவிடம் சொன்னபோது, "அப்ப நாங்களும் நீங்களும் ஒண்ணுதான், நாங்க கம்மியாப் போடச் சொல்லி உத்தரவு போட்டோம்" என்றார். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், வாரியத்தின் தலையில் 1 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் கடன். அதை அவர் மறைக்கவில்லை.

விலை ஏறினால் உற்பத்தி ஓடிவரும் என்பதும் அந்த வாரம் பொய்த்தது. அன்றைய டெக்சஸில் பெரும்பாலும் விற்ற யூனிட்டுக்குத்தான் காசு, தயாராக நிற்பதற்குக் காசு கிட்டத்தட்ட கிடையாது. பத்து வருடத்துக்கு ஒருமுறை வரும் குளிருக்காக எந்த முதலாளி இன்று குழாய்க்குக் கம்பளி சுற்றுவான்? 2011 பிப்ரவரியில் இதேபோல ஒரு குளிர் வந்து, அதே ஆகஸ்டில் மத்திய அமைப்புகள் அறிக்கை எழுதின. செய்வதும் விடுவதும் அவரவர் இஷ்டம் என்று விட்டார்கள். காற்றாலை உறைந்ததுதான் காரணம் என்று ஆளுநரே தொலைக்காட்சியில் பேசினார். என் நண்பர்கள் வட்டத்திலும் உறைந்த காற்றாலைப் படம்தான் சுற்றியது, நானும் ஒருவருக்கு அனுப்பினேன். காற்றாலைகளும் உறைந்தன, உண்மை. ஆனால் நவம்பரில் வந்த மத்திய அறிக்கைப்படி, எதிர்பாராமல் நின்ற உற்பத்தி அலகுகளில் 58 சதவீதம் இயற்கை எரிவாயுவில் ஓடுபவை. எரிவாயுக் கிணற்றின் வாய் உறைந்தது, குழாயில் அழுத்தம் இல்லை. இன்னும் கொடுமை, எரிவாயுவை எடுத்து அனுப்பும் சில நிலையங்கள் தாங்கள் அத்தியாவசியம் என்று படிவம் கொடுக்காததால் அவற்றுக்கே கரண்டை வெட்டிவிட்டார்கள். கேஸ் இல்லாமல் கரண்ட் இல்லை, கரண்ட் இல்லாமல் கேஸ் இல்லை. இதை எந்த விலை சரிசெய்யும்?

மாமா பக்கத்துக்கு வருவோம். அரசு கையில் இருந்திருந்தால் இது நடந்தே இருக்காது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆஸ்டினும் சான் அந்தோனியோவும் மாநகராட்சியே நடத்தும் மின்சாரம், சில்லறைப் போட்டியே கிடையாது. அங்கேயும் இருள்தான், ஏனென்றால் தொகுப்பு ஒன்று. தப்பியது எல் பாசோ. அது மேற்கு மாநிலங்களின் தொகுப்பில் இருக்கிறது, 2011இல் பட்ட அடிக்குப் பிறகு குளிருக்குத் தயாரும் செய்துகொண்டது. தனியாரா அரசா என்று நாங்கள் ஒரு வருடமாகக் கத்திய கேள்வியைவிட, கம்பி வெளியே போகிறதா, தயாரிப்பு கட்டாயமா என்ற இரண்டு கேள்விகள்தான் அந்த வாரம் பொருட்பட்டன. நாங்கள் இரண்டு பேரும் ஒருமுறைகூடக் கேட்காத கேள்விகள்.

அரசுக் கணக்கில் மட்டும் 246 பேர் இறந்தார்கள். அதற்கு முன்னால் என் பணக் கணக்கைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் சொன்னால்தான் அடுத்தவருக்குப் பயன். கரண்ட் பில் 3,164 டாலர். கட்டாமல் நின்ற 1,224ஐ மாநிலம் தலையிட்ட பிறகு தள்ளுபடி செய்தார்கள். கார்டில் போன 1,940 திரும்பவே இல்லை, நாலு படிவம் நிரப்பினேன். வீட்டுக் காப்பீட்டில் என் பங்கு 2,500. வெடித்த குழாயைச் சரிசெய்த பிளம்பருக்கு 480, அதைக் காப்பீடு தராது, தண்ணீரால் வந்த சேதத்துக்குத்தான் தரும். மொத்தம் 4,920 டாலர், எட்டு நாள் விடுப்பு. மிச்சம் பிடித்த 310ஐக் கழித்துக்கொள்ளுங்கள். சேதமான ஒவ்வொன்றையும் வெளியே எறிவதற்கு முன் படம் எடுங்கள், காப்பீட்டின் கணக்கெடுப்பாளர் வர மூன்று வாரம் ஆகும். கம்பெனியிடம் ஃபோனில் பேசியதை அன்றே ஒரு மின்னஞ்சலாக எழுதி அவர்களுக்கே அனுப்பிவையுங்கள். எனக்குத் தள்ளுபடி கிடைக்க அந்த மின்னஞ்சல்களும் உதவின.

அதே வருடம், வீடுகளுக்கு மொத்த விலைத் திட்டம் விற்பதையே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். மின்நிலையங்கள் குளிருக்குத் தயாராவது கட்டாயமானது. 2022இல் உச்சவரம்பை 5,000 டாலராகக் குறைத்தார்கள். ஒரு வயதுவந்தவன் தெரிந்தே எடுக்கும் ஆபத்தை அரசு ஏன் தடுக்க வேண்டும் என்று பழைய நான் சண்டை போட்டிருப்பேன். "தெரிந்தே" என்ற சொல்லில்தான் இப்போது எனக்குச் சிக்கல். பொறியியல் படித்து, ஆங்கிலத்தில் ஒப்பந்தம் எழுதிச் சாப்பிடுகிறவன், அந்த ஒன்றிரண்டு பக்கத்தைப் படிக்கவில்லை. இப்போது பன்னிரண்டு மாத நிலையான விலை. ஒப்பந்தம் வசந்தத்தில் முடிகிற மாதிரி பார்த்து வாங்குகிறேன். ஆகஸ்டிலோ ஜனவரியிலோ முடிந்தால், விலை ஏறிய நேரத்தில் போய் நிற்க வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தச் சீட்டை ஃபோனில் மாமாவுக்குப் படித்துக் காட்டுகிறேன். அவருக்குச் சென்ட் கணக்குப் புரிவதில்லை, ஆனால் "அடுத்த வரி என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

சண்டை நிற்கவில்லை. 2024 ஜூலையில் பெரில் புயல் வந்தபோது ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் போயின. எங்களுக்கு ஏழு நாள். இந்த முறை மனைவியும் மூன்று வயது மகளும் உடன் இருந்தார்கள். விலைக்கும் சந்தைக்கும் இதில் சம்பந்தமே இல்லை. விழுந்தது கம்பி, அது போட்டியே இல்லாத, விலையை அரசு நிர்ணயிக்கும் கம்பெனியின் பொறுப்பு. எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். வியர்வையைத் துடைத்துக்கொண்டே மாமாவுக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "மாமா, இது உங்க கட்சி கம்பெனி. கட்டுப்பாடு, ஏகபோகம், எல்லாம் இருக்கு. ஏழு நாள் ஆச்சு."

பதில் பத்து நிமிடத்தில் வந்தது. "புயலுக்கு முன்னாடி மரக்கிளை வெட்டுனாங்களா மாப்பிள்ளை? உங்க வீட்டுப் பின்னாடி லைன் எப்படிப் போகுது, போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க."

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். எங்கள் ஓக் மரத்தின் கிளை கம்பிமேல் படுத்திருந்தது, பழைய வெட்டுக் காயம் ஒன்றுகூட இல்லாமல். படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார், வெகு நேரமாக.